போலீஸ் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் எழுத்தை எடைபோடுவது எப்படி?

"இந்தப் பேப்பரைப் படித்து, எழுத்து எப்படி இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்று கல்லூரியில் சொல்லிவிடுவார்கள். கையில் இருப்பது காவல்துறையைப் பற்றி 22 பக்கத்துக்கு ஓடும் ஒரு ஆங்கிலக் கட்டுரை. முதல் பத்தியிலேயே நாலு தெரியாத வார்த்தைகள். குற்றவியலோ சமூகப்பணியோ சட்டமோ படிக்க வரும் பிள்ளைகளில் பலர் அந்த இடத்திலேயே பயந்துபோகிறார்கள். பயந்தவர்களில் சிலர் "மிகச் சிறப்பாக எழுதப்பட்டுள்ளது" என்று பாராட்டிவிடுகிறார்கள். மற்றவர்கள் நாலு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துக் குறித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு காலைகளில் நாங்கள் சிலர் உட்கார்ந்து இந்த மாதிரிக் கட்டுரைகளைச் சேர்ந்து படிக்கிறோம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். இந்த வேலைக்கு வேண்டியதில் பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வழக்காகப் பதியும் எஃப்.ஐ.ஆர். வேறு, புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு என்று அவர்களுக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். திருட்டுப்போன செல்போனுக்காக ஸ்டேஷன் பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்தவர்களுக்கு, ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்துவேலை பார்க்கும் காவலர்) எழுதும் மனுவும் நடந்த சம்பவமும் எங்கே பிரிகின்றன என்று தெரியும். மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ளலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

போலீஸ் பற்றிய எழுத்தில் நான் தேடுவது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், யாருக்கு, என்ன செய்தார், அது எழுதியவருக்கு எப்படித் தெரியும்? இந்த நாலும் தெரிந்தால் எழுத்து நன்றாக இருக்கிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைக் கட்டுரையின் ஒவ்வொரு பகுதியிலும் எப்படிப் போட்டுப் பார்ப்பது என்பதுதான்.

உட்காருவதற்கு முன்னால்

கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் திரையில் இந்த வேலை ஆகாது. ஒரு பென்சில், இரண்டு கலர் பேனா போதும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் அகராதியைத் தொடாமல் கடைசிவரை படித்துவிடுங்கள். புரியாத இடத்தில் ஓரமாக ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். இரண்டாம் நாள் அந்தக் கோடுகளுக்குத் திரும்பி வரும்போது, எது உங்களுக்குத் தெரியாத சொல், எது எழுதியவரே தெளிவில்லாமல் எழுதியது என்று பிரியும். இது முக்கியம். புரியாததெல்லாம் நம் குறை என்று நினைக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் அதிகம். பல நேரம் குறை வாக்கியத்தில் இருக்கிறது.

முதல் படி: தலைப்பு, சுருக்கம், முடிவு

தலைப்பு, சுருக்கம், முடிவுரை மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா? தலைப்பில் "சட்ட அமலாக்கம்" என்று பெரிதாக இருக்கும். உள்ளே பார்த்தால் ஒரு போக்குவரத்துச் சந்திப்பில் ஹெல்மெட் அபராதம் போட்டதைப் பற்றி மட்டும் இருக்கும். சென்னையில் சட்டம் ஒழுங்கு, குற்றப்பிரிவு, போக்குவரத்து என்று தனித்தனிப் பிரிவுகள். இதற்கு மேல் ஆயுதப்படை, மதுவிலக்கு அமல் பிரிவு. பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றால் மாநில அரசின் இருப்புப்பாதைப் போலீசும் மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படையும் (ஆர்.பி.எஃப்.) ஒரே இடத்தில் நிற்பார்கள். "போலீஸ்" என்று மொத்தமாக எழுதியவர் இதில் யாரைச் சொல்கிறார் என்று முதல் இரண்டு பக்கத்துக்குள் தெரிய வேண்டும்.

இடத்துக்கும் இதே சோதனைதான். "வடசென்னையில்" என்று ஒரு கட்டுரை தொடங்கினால் பென்சிலை எடுங்கள். எந்த வடசென்னை? மக்களவைத் தொகுதி என்றால் திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மாநகராட்சி மண்டலங்களை வைத்துப் பார்த்தால் மணலியும் மாதவரமும் உள்ளே வரும். காவல்துறையின் கணக்கு இவை இரண்டோடும் ஒத்துப்போகாது. 2022 ஜனவரியில் சென்னைப் பெருநகரக் காவலிலிருந்து ஆவடி, தாம்பரம் என்று இரண்டு தனி ஆணையரகங்கள் பிரிந்தன. மணலியும் எண்ணூரும் ஆவடிப் பக்கம் போய்விட்டன. "2019க்கும் 2023க்கும் இடையே வடசென்னையில் குற்றம் குறைந்தது" என்று ஒருவர் எழுதினால், குறைந்தது குற்றமா, ஸ்டேஷன்களின் எண்ணிக்கையா என்று வாசகருக்குத் தெரியவேண்டாமா? எல்லை மாறியதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் விட்டது எழுத்தின் குறை என்றே நான் குறிப்பேன். ஏனென்றால் அவரிடம் விவரம் இருந்திருக்கலாம். வாசகரிடம் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

இரண்டாம் படி: வினைச்சொல்லுக்கு அடியில் கோடு

இதுதான் அதிக நேரம் எடுக்கும் படி. அவசரப்படாதீர்கள். ஏதாவது இரண்டு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் வினைக்கும் அடியில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் அந்த வினையைச் செய்தவர் யார் என்று தேடி, அவர் மேல் ஒரு வட்டம். வட்டம் போட ஆளே கிடைக்காத வாக்கியங்களை எண்ணுங்கள்.

ஒரு மாதிரி வாக்கியம், நானே எழுதியது: "விசாரணையின்போது சந்தேக நபருக்குக் காயம் ஏற்பட்டது." வினை, "ஏற்பட்டது". யார் ஏற்படுத்தினார்? வட்டம் போட ஆள் இல்லை. "காயப்படுத்தப்பட்டார்" என்றிருந்தால்கூட யாரோ செய்தார் என்ற வாசனையாவது இருக்கும். "ஏற்பட்டது" என்ற சொல்லில் அதுவும் போய்விட்டது. மழை பெய்த மாதிரி காயம் தானாக வந்து விழுகிறது. தமிழில் செய்தி படிக்கிற எல்லோருக்கும் "தப்பியோட முயன்றபோது வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது" என்ற வரி பழக்கம். அது போலீஸ் தரப்பு சொன்ன விவரம். செய்தியாளர் அதைப் "போலீசார் கூறினர்" என்று முடித்தால் யார் சொன்னது என்பது பதிவாகிவிடும். அதே வரியை ஒரு ஆய்வாளர் யார் சொன்னது என்று சேர்க்காமல் தன் சொந்த வாக்கியமாக எழுதினால், ஒரு தரப்பின் கூற்று ஆய்வின் முடிவாக மாறிவிடுகிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். "பலப்பிரயோகம் செய்யப்பட்டது", "துப்பாக்கி வெடித்தது", "கூட்டம் கலைக்கப்பட்டது" என்ற பொருளில் வரும் செயப்பாட்டு வாக்கியங்களைக் கண்டால் நிறுத்திப் பாருங்கள்.

எல்லாச் செயப்பாட்டு வினையும் தவறு என்று சொல்லவரவில்லை. "கடையின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது" சரியான வாக்கியம். உடைத்தவர் யார் என்று அப்போது யாருக்குமே தெரியாது. தெரிந்தும் விட்டார்களா, தெரியாததால் விட்டார்களா என்பதுதான் கேள்வி.

எதிர்ப்பக்கமும் உண்டு. "போலீஸ் மக்களை மதிப்பதில்லை" என்ற வாக்கியத்தில் ஆள் இருக்கிறார், ஆனால் ஆள் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறார். கமிஷனரும் எஸ்.ஐ.யும், கோயில் திருவிழாவில் பந்தோபஸ்துக்குப் பகல் முழுக்க வெயிலில் நின்ற பெண் காவலரும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகிறார்கள். பேட்டி கொடுத்தது எத்தனை பேர், எந்தப் பதவி, எந்த ஸ்டேஷன் வகை? இதைச் சொல்லாமல் மொத்தமாகக் குற்றம் சொல்கிற எழுத்தும், மொத்தமாகக் காப்பாற்றுகிற எழுத்தும் ஒரே குறையுள்ளவை. எங்கள் குழுவில் ஒரு மாணவியின் அப்பா ஏட்டு. இன்னொரு மாணவரின் அண்ணன் மேல் வழக்கு இருக்கிறது. இருவரும் ஒரே கட்டுரையைப் படித்து, "இது எங்களைப் பற்றி நியாயமாக எழுதியிருக்கிறது" என்று சொன்ன நாளும் உண்டு. அந்தக் கட்டுரையில் வட்டம் போட ஆள் இல்லாத வாக்கியம் மிகக் குறைவு.

மூன்றாம் படி: பெயர்ச்சொற்கள்

இப்போது மனிதர்களுக்குக் கட்டுரை என்ன பெயர் வைக்கிறது என்று பாருங்கள். "குற்றவாளி" என்றால் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னவர். அதற்கு முன்னால் அவர் குற்றம் சாட்டப்பட்டவர். அதற்கும் முன்னால் சந்தேக நபர். எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்தது, கைதானது, ரிமாண்டில் போனது, குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது, தண்டனை பெற்றது எல்லாம் வேறு வேறு கட்டங்கள். ஒரே ஆளை ஒரு கட்டுரை மூன்றாம் பக்கத்தில் "சந்தேக நபர்" என்றும் ஐந்தாம் பக்கத்தில் "குற்றவாளி" என்றும் சொன்னால், இடையில் என்ன நடந்தது என்று காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கண்ணில் படும் பிழை ஒன்று: "குண்டர் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவர்கள்." குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் 14, ஒரு தடுப்புக்காவல் சட்டம். மாநகரில் போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டு, விசாரணை இல்லாமல் 12 மாதம்வரை உள்ளே வைக்கலாம். அதில் உள்ளே போனவர் அந்தச் சட்டத்தின் கீழ் எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறவில்லை. "தண்டிக்கப்பட்ட" என்ற ஒரு சொல்லால், விசாரணையே நடக்காத ஒருவர் மேல் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இதைச் சொற்பிழை என்று சின்னதாக எழுதாதீர்கள். பொருள்பிழை என்று எழுதுங்கள்.

"ரவுடி", "சரித்திரப் பதிவேடு குற்றவாளி" போன்றவை காவல்துறை தன் பதிவேட்டில் வைத்திருக்கும் வகைகள். ஆய்வாளர் அவற்றைப் பயன்படுத்தலாம்தான். ஆனால் இது போலீஸ் பதிவேட்டுச் சொல் என்று முதல் தடவை வரும்போது சொல்லி, மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். பதிவேட்டுச் சொல்லை உண்மையின் பெயர் என்று எடுத்துக்கொண்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம் ஊரிலேயே வரலாறு இருக்கிறது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறந்த குழந்தையையும் சாதியை வைத்துக் குற்றவாளிக் கூட்டத்தில் சேர்த்தது. அந்தக் காலத்து அறிக்கைகள் நல்ல இலக்கண ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டன. ஆங்கிலம் அழகாக இருக்கிறது என்பதற்காக மார்க் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

நான்காம் படி: எண் வரும் வாக்கியங்கள்

கணக்குச் சரியா என்று பார்ப்பது தனி வேலை. எழுத்தை எடைபோடுபவர் பார்க்க வேண்டியது, எண்ணைச் சுற்றியிருக்கும் சொற்கள் எண் சொல்வதை மட்டும் சொல்கின்றனவா என்பதை.

"குற்றங்கள் அதிகரித்தன" என்று எழுதியிருக்கும். அட்டவணையில் இருப்பது பதிவான வழக்குகள். இரண்டும் ஒன்றில்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013இல் சொன்னது. ஆனாலும் சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் எந்த அட்டவணையிலும் வரமாட்டார்கள். ஒரு ஸ்டேஷன் ஒழுங்காக வழக்குப் பதிய ஆரம்பித்தாலே எண் ஏறும். "பதிவான வழக்குகள் அதிகரித்தன" என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் வாக்கியம் உண்மையாகியிருக்கும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையைச் சான்றாகக் காட்டும் கட்டுரைகள் நிறைய. அந்த அறிக்கையில் ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்று மட்டும்தான் எண்ணப்படும். கொலையும் கொள்ளையும் ஒரே வழக்கில் இருந்தால் கணக்கில் ஏறுவது கொலை. கொள்ளையைப் பற்றி எழுதுபவர் இதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று சமீபத்தியது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. கொலைக்கு இருந்த பிரிவு 302 இப்போது 103. எஃப்.ஐ.ஆர். பற்றிய 154 இப்போது 173. செயின் பறிப்பு மாதிரிப் பறிப்புகளுக்கு 304 என்று தனிப் பிரிவே புதிதாக வந்திருக்கிறது. இந்தத் தேதிக்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் ஒப்பிடும் கட்டுரை பழைய பிரிவு, புதிய பிரிவு என்று பக்கத்தில் பக்கத்தில் கொடுக்காவிட்டால், வாசகர் வழி தவறிவிடுவார்.

விழுக்காடு வந்தால் அடிப்படை எண்ணைத் தேடுங்கள். ஒரு ஸ்டேஷன் எல்லையில் 2 கொலை 3 ஆனால் அது 50 விழுக்காடு உயர்வு. "50 விழுக்காடு" என்று மட்டும் எழுதினால் தெருவே பற்றி எரிவதுபோல இருக்கும்.

ஐந்தாம் படி: பேட்டிகளும் மொழிபெயர்ப்பும்

வடசென்னைப் பிள்ளைகளான உங்களைவிட நன்றாக இந்தப் படியை வேறு யாராலும் செய்ய முடியாது. வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்த ஆய்வாளர் நம் ஆட்களிடம் தமிழில் பேட்டி எடுத்து, ஆங்கிலத்தில் மேற்கோள் போடுகிறார். அந்த ஆங்கிலத்தை உங்கள் தெருப் பேச்சுக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒட்டுகிறதா?

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு இளைஞர், "ஸ்டேஷனுக்குக் கூட்டினு போனாங்க, நைட்டு ஃபுல்லா வெச்சினு இருந்தாங்க, காலைல வுட்டுட்டாங்க" என்கிறார். இது கட்டுரையில் "கைது செய்யப்பட்டு மறுநாள் ஜாமீனில் விடுவிக்கப்பட்டார்" என்ற பொருளில் ஆங்கிலமாகிறது. படிக்க வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இளைஞர் கைது என்றும் சொல்லவில்லை, ஜாமீன் என்றும் சொல்லவில்லை. கைது என்றால் அதற்கு ஒரு குறிப்பு எழுதி, சாட்சியிடம் கையெழுத்து வாங்கி, வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்தது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. அந்த இளைஞர் சொன்னதில் இந்தக் காகிதம் எதுவும் இல்லை. காகிதமே இல்லாமல் ஒரு ராத்திரி வைத்திருந்ததை மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி நடந்த காரியமாக ஆக்கிவிட்டார். வேண்டுமென்றே செய்திருக்கமாட்டார், "வெச்சினு இருந்தாங்க" என்பதற்கு அவருக்குக் கிடைத்த ஆங்கிலச் சொல் அது. ஆனால் ஆய்வு எதைக் கண்டுபிடிக்கப் போனதோ அதுவே அந்த வாக்கியத்தில் அழிந்துபோயிற்று.

இன்னும் சில சொற்கள். "கேஸ் போட்டாங்க" என்றால் பெட்டிக் கேஸாகவும் (சின்னக் குற்றத்துக்கான வழக்கு) இருக்கலாம், நன்னடத்தைப் பிணையாகவும் இருக்கலாம், முழு எஃப்.ஐ.ஆராகவும் இருக்கலாம், ஆய்வாளர் திருப்பிக் கேட்டாரா? "மாமூல்" என்பதை ஒற்றைச் சொல்லில் லஞ்சம் என்று மாற்றினால், ஒருமுறை கொடுத்ததா, வாராவாரம் வழக்கமாகக் கொடுப்பதா என்ற வித்தியாசம் போய்விடும். மாமூல் என்ற சொல்லிலேயே வழக்கம் என்பது இருக்கிறது. "அண்ணன் வந்து பேசி வுட்டாரு" என்பதில் வரும் அண்ணனை உடன்பிறந்த அண்ணனாக மொழிபெயர்த்திருப்பார்கள். அவர் ஏரியா அண்ணனாக இருக்கலாம், வட்டச் செயலாளராக இருக்கலாம். நல்ல கட்டுரை இப்படிப்பட்ட சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் விளக்கம் தரும்.

பேட்டி எங்கே எடுத்தார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதையும் தேடுங்கள். ஸ்டேஷன் அறையில் இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்து ஒரு காவலர் சொன்னதும், டீக்கடையில் அவரே சொன்னதும் ஒன்றாகுமா? போலீஸ் பிள்ளைகளுக்காக நடத்தும் காவல் சிறார் மன்றத்துக்கு வருபவர்களிடம் மன்றத்திலேயே வைத்து, பொறுப்பாளர் முன்னால் "போலீஸ் அங்கிள் எப்படி?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? இதை ஆய்வு முறையின் குறை என்று சிலர் தள்ளிவிடுவார்கள். அந்தச் சூழலை வாசகருக்குச் சொன்னாரா என்பது எழுத்தின் கேள்வி. சொல்லிவிட்டால் வாசகர் தானே எடைபோட்டுக்கொள்வார்.

ஆறாம் படி: சான்றுகள்

இதை வேகமாகப் பார்க்கலாம். "பல ஆய்வுகள் காட்டுகின்றன" என்று சொல்லி ஒரே அடைப்புக்குள் ஏழு பெயர் போட்டிருந்தால், அதில் இரண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். அவை உண்மையில் அதைத்தான் சொல்கின்றனவா? அந்த ஊரும் நம் ஊரும் ஒன்றா என்பதற்கு எழுதியவர் ஒரு வரியாவது செலவழித்தாரா? அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 1972-73இல் ரோந்துக் கார்களைக் கூட்டியும் குறைத்தும் சோதித்துப் பார்த்தார்கள். குற்ற அளவில் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. முக்கியமான ஆய்வு அது. ஆனால் அங்கே அகலமான சாலையில் காரில் போன ரோந்து வேறு. புளியந்தோப்பின் முட்டுச்சந்துகளில் பைக்கில் போகும் ரோந்து வேறு. அந்த ஆய்வை இங்கே தூக்கிக்கொண்டு வருபவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டுத் தூக்கி வர வேண்டும்.

ஏழாம் படி: முடிவுரையின் அளவு

கண்டுபிடித்ததும் சொல்லிக்கொள்வதும் ஒரே அளவில் இருக்கின்றனவா? தெருவில் சிசிடிவி கேமரா வைத்தார்கள், அடுத்த வருஷம் செயின் பறிப்பு வழக்கு குறைந்தது. "கேமராவால் குறைந்தது" என்பது ஒரு வாக்கியம். "கேமரா வைத்த பிறகு குறைந்தது" என்பது வேறு வாக்கியம். இரண்டாவதைக் காட்டிவிட்டு முதலாவதை எழுதியிருக்கும் கட்டுரைகள் ஏராளம். அந்த வருஷத்தில் தெருவிளக்கும் மாற்றியிருக்கலாம், பறித்துக்கொண்டிருந்த நாலு பேர் புழல் சிறையில் இருந்திருக்கலாம். சுருக்கத்தில் "இருக்கலாம்" என்றிருந்தது முடிவுரையில் "ஆகும்" என்று மாறியிருக்கிறதா என்று மட்டும் தேடினாலே பாதிக் கட்டுரைகளில் ஏதாவது கிடைக்கும்.

இலக்கணம், எழுத்துப்பிழை

கடைசியாக வையுங்கள். 20 மார்க் போடச் சொன்னால் நான் இதற்கு 2க்கு மேல் ஒதுக்குவதில்லை. தமிழ் வழியில் படித்து வந்து ஆங்கிலத்தில் எழுதுகிற ஒருவரின் கட்டுரையில் முன்னிடைச்சொல் இடம் மாறியிருக்கும். ஆனால் யார் யாருக்கு என்ன செய்தார் என்பது கண்ணாடி மாதிரி தெரியும். அதற்கு நல்ல மதிப்பெண் கொடுங்கள், தயங்காமல். பிழை பொருளை மாற்றும் இடத்தில் மட்டும் கடுமையாக இருங்கள்.

மதிப்புரையை எழுதுவது

முதல் பத்தியில் கட்டுரை என்ன சொல்கிறது என்று உங்கள் வார்த்தையில் நாலு வரி. அதை எழுத முடியவில்லை என்றால் இன்னொரு முறை படியுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் அதையே முதல் குறையாக எழுதலாம். அடுத்து, நன்றாக எழுதப்பட்ட ஒரு இடத்தைப் பக்க எண்ணோடு காட்டுங்கள். பாராட்டிலும் சான்று வேண்டும்.

குறை சொல்லும்போது ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள்: பக்கம், வாக்கியம், அதை வாசகர் எப்படித் தவறாகப் புரிந்துகொள்வார், எப்படி மாற்றலாம். "எழுத்து தெளிவாக இல்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "பக்கம் 9, இரண்டாம் பத்தி. 'கூட்டம் கலைக்கப்பட்டது' என்றிருக்கிறது. கலைத்தது உள்ளூர் ஸ்டேஷன் காவலர்களா, ஆயுதப்படையா, எந்த முறையில் என்பது தெரியவில்லை. பக்கம் 4இல் ஆயுதப்படை வந்ததாகச் சொல்லியிருப்பதால் வாசகர் அவர்கள்தான் என்று நினைத்துவிடுவார். ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் பெயரிட்டுச் சொல்லலாம். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லலாம்." இப்படி ஆறு குறிப்பு இருந்தால் அருமையான மதிப்புரை. இருபது தேவையில்லை.

கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கட்டுரையில் பேட்டி கொடுத்தவர்களை அடையாளம் காண முடிகிறதா? பெயரை மாற்றிவிட்டோம் என்று ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். ஆனால் "மீன்பிடித் துறைமுகக் காவல் நிலையத்தில் பணிபுரிந்த பெண் எஸ்.ஐ." என்று எழுதினால், அந்த வருஷம் அங்கே எத்தனை பெண் எஸ்.ஐ. இருந்திருப்பார்கள்? எங்கள் குழுவில் கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் மாணவி ஒரு கட்டுரையின் பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டார். கடை வகை, வயது, மகன் எத்தனை முறை உள்ளே போனான் என்றெல்லாம் விவரித்திருந்த ஒரு அம்மாவை அவருக்குத் தெரியும். தினமும் காலையில் அவரிடம்தான் இட்லி வாங்குகிறார். அந்த அம்மா போலீஸைப் பற்றி அந்தப் பேட்டியில் மனம்விட்டுப் பேசியிருந்தார்.

அன்று நாங்கள் செய்ததை நீங்களும் செய்யுங்கள். அந்த விவரங்களை மதிப்புரையில் திரும்ப எழுதவில்லை. எழுதினால் நாமும் காட்டிக்கொடுத்தவர்கள் ஆவோம். பக்க எண்ணையும் பத்தி எண்ணையும் மட்டும் குறித்து, "இங்கே பேட்டி கொடுத்தவரை அந்தப் பகுதியில் வசிப்பவர்கள் அடையாளம் காண முடியும்" என்று ஒரே வரி எழுதினோம். கட்டுரை ஏற்கெனவே வெளிவந்திருந்ததால் ஆசிரியருக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் போனது. வயதை ஒரு பத்தாண்டு வரம்பாக மாற்றலாம், கடையைச் சிறுவியாபாரம் என்று சொல்லலாம், மகனைப் பற்றிய எண்ணிக்கையை எடுத்துவிடலாம். இவற்றால் உங்கள் வாதம் கெடாது என்று மாணவியே எழுதினார். இரண்டு வாரத்தில் திருத்திய பிரதி இணையத்தில் ஏறியது.